ஒம்பதாவது மீட்டர்ல ஒரு முடிச்சு

ரெண்டு வாரமா இதை எழுதணும் எழுதணும்னு கை துறுதுறுன்னு இருந்துச்சு. இன்னிக்குத்தான் உக்கார நேரம் கெடச்சுது.

விஷயம் இதுதான். வீட்டுக்கு ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கினேன்.

(லைட் போடுற ஸ்விட்ச் இல்லைங்க. நெட் கேபிள் குத்துற பெட்டி. எட்டு போர்ட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பச்சை லைட் மினுக்கிட்டே இருக்கும்ல, அதுதான். அதுலயே கொஞ்சம் விவரமான வகை.)

"வீட்டுக்கு எதுக்கும்மா இது, ஆபீஸ்லதான் வைப்பாங்க"ன்னு கடைக்காரர் சொன்னார். தம்பியும் அதையேதான் சொன்னான். இப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்றேன். வீட்டுக்குத்தான் முக்கியமா வேணும். ஆபீஸ்ல பாத்துக்க ஒரு ஆள் இருப்பார். வீட்ல யார் இருக்கா?

மொதல்ல வீட்டைப் பத்திச் சொல்லிடறேன்.

திருச்சி. கீழ அப்பா அம்மா, மாடியில நானும் என் வேலையும். ஃபைபர் பெட்டி கீழ ஹால்ல டிவி பக்கத்துல. என் ரூம் மாடியில பின்பக்கம். நடுவுல ஒரு கான்கிரீட் தளம், ரெண்டு செங்கல் சுவர். வை-ஃபை மேல ஏறி வர்றதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்கிடும். அதனால வீடு கட்டும்போதே கீழயிருந்து மேலுக்கு ஒரு நெட் கேபிளை பைப்புக்குள்ள விட்டு வச்சிருந்தோம். மேல ஒரு சாதா ஸ்விட்ச். லேப்டாப், ஃபைல் சேமிக்கிற என்.ஏ.எஸ் பெட்டி, பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், எல்லாம் அதுல தொங்கும்.

மூணு வருஷமா ஒரே தொந்தரவு. மீட்டிங்ல பேசிட்டிருப்பேன், எதிர்ல இருக்கறவங்க குரல் திடீர்னு தகரத்துல தட்டுன மாதிரி ஆகிடும். அப்புறம் தானா சரியாகும். மறுபடி போகும். கீழ ஹால்ல வச்சு வேகம் சோதிச்சா 200 எம்.பி.பி.எஸ் வரும். மேல வந்து சோதிச்சா 90-ஐத் தாண்டாது. ஒரு நாள்கூடத் தாண்டினதில்ல.

நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன், "உங்க ஏரியாவுல ஒரு பிரச்சினையும் இல்ல மேடம்"னாங்க. கம்பெனியையே மாத்தினேன். ரவுட்டரை மாத்தினேன். லேப்டாப்பையும் மாத்தினேன் (அதுக்கு வேற காரணமும் இருந்துச்சு). குரல் மட்டும் தகரம்தான்.

இதுல எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருந்தது எதுன்னா, கோளாறு எங்க இருக்குன்னு கேக்கறதுக்கு ஒரு எடம் இல்ல. சாதா ஸ்விட்ச் தன் வேலையை ஒழுங்காத்தான் செய்யும். எந்த போர்ட்ல எந்தக் கருவி இருக்குன்னு அதோட மேக் அட்ரஸைப் பாத்துத் தானே கத்துக்கும், வர்ற பாக்கெட்டை சரியான போர்ட்டுக்குத் தள்ளும். ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாது. நம்மளும் அதுகிட்ட ஒண்ணும் கேக்க முடியாது.

மேனேஜ்டு ஸ்விட்ச் பேசும். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் மூவாயிரத்துச் சொச்சம் குடுத்தேன்.

வந்த அன்னிக்கே பேச வைக்கப் பாத்தேன். அங்கயே ஒரு முட்டுச்சந்து. பெட்டிக்கு அடியில 192.168.0.1-ன்னு முகவரி ஒட்டியிருக்கு. பிரவுசர்ல அடிச்சா ஒண்ணும் வரல. எங்க வீட்டு முகவரி எல்லாம் 192.168.1-ல ஆரம்பிக்கறது. மூணாவது எண் வேற. லேப்டாப் பாக்கற தெருவே வேற, ஸ்விட்ச் இருக்கற தெரு வேற. ஒரே கேபிள்ல பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாது.

உங்களுக்கும் இப்படி ஆனா பதறாதீங்க. லேப்டாப்புக்குக் கையால 192.168.0.10-ன்னு ஒரு முகவரி குடுங்க, மாஸ்க் 255.255.255.0. லேப்டாப்பையும் ஸ்விட்சையும் ஒரு கேபிள்ல நேரா இணைச்சுட்டு அடிங்க, லாகின் பக்கம் வந்துடும். உள்ள போனதும் மொதல் வேலை பாஸ்வேர்டை மாத்தறது. ரெண்டாவது வேலை ஸ்விட்சோட முகவரியை உங்க வீட்டுத் தெருவுக்குக் கொண்டுவர்றது. நான் 192.168.1.2 குடுத்தேன். ரவுட்டர் மத்த கருவிகளுக்கு 100-ல இருந்து 200 வரைக்கும் தானா பிரிச்சுக் குடுக்கும், அந்த வரிசைக்குள்ள வராத மாதிரி பாத்துக்கிட்டேன். அப்புறம் லேப்டாப்பைப் பழையபடி தானா முகவரி வாங்கற மாதிரி மாத்திட்டேன். பத்து நிமிஷ வேலை.

இப்பத்தான் போர்ட் பட்டியலைத் திறந்தேன்.

லேப்டாப் போர்ட்: 1000. என்.ஏ.எஸ்: 1000. கீழ ரவுட்டருக்குப் போற மொதல் போர்ட்: 100.

நூறு! மூணு வருஷமா 90-ஐத் தாண்டாததுக்கு ஒரு வரியில பதில். அது பக்கத்துலயே கெட்ட பாக்கெட் எத்தனைன்னு ஒரு கட்டம். மத்த போர்ட்டுக்கெல்லாம் பூஜ்யம். இதுக்கு மட்டும் எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்கு. பக்கத்தைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சுப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் கூடுது.

கொஞ்சம் விளக்கிடறேன். நெட் கேபிளுக்குள்ள எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 வேகத்துக்கு ரெண்டு ஜோடி போதும். 1000 வேகத்துக்கு நாலு ஜோடியும் வேணும். ஒரு ஜோடி அறுந்துபோனா, நெறைய கருவிகள் சத்தமில்லாம 100-க்கு எறங்கி ஓடிக்கிட்டே இருக்கும். நெட் வரும். ஆனா கால்வயித்துக் கஞ்சி மாதிரி வரும். நமக்குத் தெரியவே தெரியாது.

அதே பக்கத்துல கேபிள் டெஸ்ட்னு ஒரு பட்டன். மொதல் போர்ட்டைத் தேர்வு பண்ணி அழுத்தினேன். ரெண்டு செகண்ட். மூணு ஜோடி சரி. நாலாவது ஜோடி திறந்திருக்கு. தூரம், 9 மீட்டர்.

தூரம் சொல்லுதுங்க! சுவருக்குள்ள பூசி, மேல பெயின்ட் அடிச்சு மறைச்ச கேபிள்ல எத்தனாவது மீட்டர்ல கோளாறுன்னு சொல்லுது. எழுந்து நின்னே அப்பாவைக் கூப்பிட்டேன்.

இங்க அப்பாவைப் பத்திச் சொல்லியாகணும். அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவர். ஸ்ட்ரோஜர்ங்கற பழைய மெக்கானிக்கல் ஸ்விட்ச் தடதடன்னு சத்தம் போட்ட காலத்துல சேந்து, 1984-ல தொடங்கின சி-டாட் நிறுவனத்தோட எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்து, அதுக்கப்புறமும் ரொம்ப நாள் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். ஸ்விட்ச்னா என்னன்னு அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா கம்ப்யூட்டர் பக்கம் வந்தா "அது உங்க காலத்து சமாச்சாரம்மா"ன்னு ஒதுங்கிடுவார். ரொம்ப வருஷமா அப்படித்தான்.

மாடிக்கு வந்து ஸ்கிரீனைப் பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடி பாத்தார்.

"இது பல்ஸ் எக்கோவாச்சே!"

"என்னப்பா?"

"நாங்க கேபிள் ஃபால்ட்டுக்குப் போவோமே, அப்ப ஒரு பெட்டி எடுத்துட்டுப் போவோம்மா. கம்பியில ஒரு துடிப்பு விடும். அறுந்த எடத்துல முட்டித் திரும்பி வரும். திரும்பி வர்ற நேரத்தை வச்சு எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டுட்டு, ரோட்ல அந்த எடத்துல மட்டும் தோண்டுவோம். தூக்கறதுக்கே ஒரு ஆள் வேணும் அதை. அது இதுக்குள்ள இருக்கா?"

இருக்குப்பா. உள்ளங்கையகல பெட்டிக்குள்ள இருக்கு. கிணத்துல கல்லைப் போட்டு, சத்தம் வர்ற நேரத்தை வச்சு ஆழம் சொல்ற மாதிரிதான். துடிப்பு போய்த் திரும்பற நேரத்துல பாதியை, கம்பியில அது ஓடற வேகத்தால பெருக்கணும். கேபிளுக்குள்ள அது ஒளியோட வேகத்துல மூணுல ரெண்டு பங்கு போல ஓடும். ஒம்பது மீட்டர் போய் வர்றதுக்கு ஒரு செகண்டுல ஒரு கோடிப் பங்குகூட ஆகாது. அந்தச் சின்ன நேரத்தை அளக்கற சில்லு இன்னிக்கு வீட்டு ஸ்விட்ச்ல வருது.

அப்பா கீழ போய் டேப் எடுத்துட்டு வந்துட்டார். எழுவத்தொரு வயசு. படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி வந்தார்.

ஸ்விட்ச்ல இருந்து சுவர்ப் பெட்டி வரைக்கும் ஒண்ணரை மீட்டர். அங்கயிருந்து பைப் போற வழியை வீடு கட்டும்போது எடுத்த போட்டோவுல தேடினோம். (வீடு கட்டறவங்க யாராவது படிச்சா, தயவுசெஞ்சு பூச்சு வேலைக்கு முன்னாடி எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வைங்க. இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்குவேன்னா இதை எடுத்துக்குங்க.) டேப் புடிச்சுக்கிட்டே போனோம். ஒம்பது மீட்டர் முடிஞ்ச எடம் மாடிப்படி பரண். பழைய வெங்கலப் பாத்திரம், கொலு படி, எல்லாத்தையும் எறக்கினோம். பின்னாடி சுவர்ல, பெயின்டுக்கு அடியில ஒரு வட்ட மூடி. ஜங்ஷன் பாக்ஸ்.

கத்தியால நெம்பித் திறந்தோம். உள்ள கேபிள் ரெண்டு துண்டு. வயரிங் பண்ணவர் கேபிள் நீளம் பத்தாம, எட்டுக் கம்பியையும் கரண்ட் வயரை முறுக்கற மாதிரி முறுக்கி, கறுப்பு டேப் சுத்தி விட்டிருந்தார். அதுல பிரவுன் ஜோடி மட்டும் விட்டுப்போய் ரெண்டு முனையும் காத்துல நிக்குது.

மூணு வருஷ மீட்டிங். ரெண்டு நெட் கம்பெனி. ஒரு ரவுட்டர். எல்லாம் இந்த முடிச்சுதான்.

நெட் கேபிள்ல ஜோடி ஜோடியா முறுக்கியிருக்கறது அழகுக்கு இல்ல. ரெண்டு கம்பியும் ஒண்ணோட ஒண்ணு பின்னியிருக்கறதாலதான் வெளியில இருந்து வர்ற இரைச்சல் ரெண்டுலயும் ஒரே அளவுல ஏறி, கடைசியில கழிஞ்சுபோகுது. அந்த முறுக்கைப் பிரிச்சு நீட்டினா இரைச்சல் உள்ள வந்துடும். பக்கத்துல கரண்ட் வயரும் ஓடினா கேக்கவே வேண்டாம். அந்தக் கெட்ட பாக்கெட் எண்ணிக்கை ஏறினதுக்கு அதுதான் காரணம்.

அப்பா டேப்பைப் பிரிச்சுப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார். "ஜாயின்ட் போட்டது தப்பில்லம்மா. ஜாயின்ட் போட்டேன்னு எழுதி வைக்கலையே, அதுதான் தப்பு."

மறுநாள் புதுக் கேபிள் வாங்கினோம். கடையில நீங்க வாங்கும்போது கம்பியைக் கத்தியால லேசாச் சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அது அலுமினியம், மேல மட்டும் செம்புப் பூச்சு. விலை கம்மி, ஆனா மடிச்சா சீக்கிரம் ஒடியும், மின்தடையும் ஜாஸ்தி, கேபிள் வழியாவே கேமராவுக்குக் கரண்ட் குடுத்தா சூடும் ஏறும். உள்ளயும் செவப்பா இருந்தாத்தான் வாங்கணும். பழைய கேபிள் முனையில புதுசைக் கட்டி, பவுடர் தூவி, நான் மேலயிருந்து இழுக்க அப்பா கீழயிருந்து விட்டுக் குடுத்தார். முழுசா ஒரே கேபிள். நடுவுல ஜாயின்ட் இல்ல.

முனை அடிக்கும்போது நான் வரிசையைச் சொல்லச் சொல்ல அப்பா அடுக்கினார். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். நாலாவதா நீலம் ஏன் பச்சைக்கு நடுவுல வருதுன்னு எனக்கு ரொம்ப நாள் கேள்வி. அப்பா அதுக்கும் பதில் வச்சிருந்தார். டெலிபோன் பிளக்ல மொதல் ஜோடி நட்டநடுவுல இருக்கும், அடுத்த ஜோடி அதைச் சுத்தி. அந்தப் பழக்கம்தான் இங்கயும் வந்திருக்கு. நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், ஸ்லேட்னு டெலிபோன் கேபிளோட நிற வரிசையை அவர் தூக்கத்துல கேட்டாலும் சொல்வார். அதுல மொத நாலைத்தான் நம்ம நெட் கேபிளும் எடுத்துக்கிச்சு. உங்க காலம் எங்க காலம்னு அவர் பிரிச்சு வச்சிருந்த கோடு அன்னிக்கு அந்தக் கிரிம்பிங் டூல்லயே அழிஞ்சுபோச்சுன்னு நெனக்கறேன்.

குத்தினோம். மொதல் போர்ட், 1000. கெட்ட பாக்கெட், 0. அடுத்த நாள் பாத்தேன், 0. இப்ப எழுதும்போதும் பாத்துட்டுத்தான் வந்தேன். 0.

(நடுவுல ஒரு தகவல். ஈதர்நெட் 1973-ல ஜெராக்ஸோட ஆராய்ச்சிக்கூடத்துல பொறந்தது. ஆனா பல போர்ட் வச்ச மொத ஈதர்நெட் ஸ்விட்ச்சை 1990-ல கொண்டுவந்த கம்பெனி பேரு என்ன தெரியுமா? கல்பனா. ஆமாங்க, நம்ம கல்பனாதான். ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் வினோத் பரத்வாஜ், தன் மனைவி பேரை வச்சார். அந்த ஸ்விட்ச்ல ஏழு போர்ட். 1994-ல சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கிடுச்சு. இதை அப்பாகிட்ட சொன்னதுல இருந்து எங்க வீட்ல ஸ்விட்சுக்குப் பேரே கல்பனாதான். "கல்பனா லைட் எரியுதான்னு பாரு"ம்பார். அம்மாவும் இப்ப அப்படியே சொல்றாங்க.)

கேபிள் முடிஞ்சுது. இத்தோட நிறுத்தியிருக்கலாம். ஆனா கல்பனா பேச ஆரம்பிச்சதுக்கப்புறம் இன்னும் கேக்கணும்னு தோணுச்சு.

கேமரா விஷயம் எனக்கு ரொம்ப நாளா உறுத்தல். வாசல்ல, பின்கட்டுல, மாடியில எல்லாம் சேர்த்து நாலு கேமரா. மாட்ட வந்தவர் பாஸ்வேர்டை மாத்தாமலே போய்ட்டார், நான்தான் பிற்பாடு மாத்தினேன். ரவுட்டர் பதிவைப் பாத்தா, யாரும் ஆப்பைத் திறக்காத நடுராத்திரியிலயும் ரெக்கார்டர் வெளிய எங்கயோ ஒரு சர்வரோட பேசிக்கிட்டே இருக்கு. என்ன பேசுதுன்னு எனக்குத் தெரியாது. என் வேலை ஃபைல் இருக்கற அதே நெட்வொர்க்ல உக்காந்து பேசுது.

2016-ல மிராய்னு ஒரு மால்வேர் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? தொழிற்சாலையில வச்ச பாஸ்வேர்டை மாத்தாத கேமராவும் ரெக்கார்டரும் ரவுட்டரும்தான் அதுக்குத் தீனி. அறுபத்துச் சொச்சம் பேர்-பாஸ்வேர்டு ஜோடியை வரிசையாப் போட்டுப் பாத்தே லட்சக்கணக்கான கருவிகளைப் புடிச்சுது. அந்த வருஷம் அக்டோபர் 21 அன்னிக்கு டைன்-ங்கற கம்பெனியோட டி.என்.எஸ் சேவையை (தளத்தோட பேரை வச்சு முகவரி சொல்றது) அடிச்சதுல, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ்னு பெரிய தளங்களே பல பேருக்குத் திறக்காம போச்சு. அந்தக் கூட்டத்துல இருந்த கேமரா பலதும் யாரோ ஒருத்தர் வீட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருந்ததுதான்.

அதனால கேமராவைத் தனியாப் பிரிக்கணும். தனி ஸ்விட்ச், தனி கேபிள் எல்லாம் வேண்டாம். ஒரே ஸ்விட்சுக்குள்ள கோடு போடலாம். அதுக்குப் பேரு விலான்.

விலான் விளக்கம் பத்து எடத்துல படிச்சும் எனக்குப் புடிபடல. டேக்டு, அன்டேக்டு, பி.வி.ஐ.டி, மூணு வார்த்தையும் தலையில நிக்கல. கடைசியில எங்க தெருமுனை லாண்டரிலதான் வெளங்குச்சு. நெஜமாத்தான். அப்பா வேட்டியை வாங்கப் போனப்ப.

லாண்டரி கவுன்டர்ல நீங்க துணியைக் குடுக்கறீங்க. அதுல சீட்டு இல்ல. அவர் ஒரு நம்பர் சீட்டைக் குத்தறார். உள்ள போனா ஊர்த் துணியெல்லாம் ஒண்ணாத்தான் கிடக்கும், சீட்டை வச்சுத்தான் பிரிப்பாங்க. இன்னொரு கிளைக்கு வேன்ல போகும்போது சீட்டோடயே போகும், இல்லன்னா அங்க கலந்துடும். உங்க கையில திருப்பிக் குடுக்கும்போது சீட்டைப் பிச்சுட்டுக் குடுப்பார். நீங்க வெறும் வேட்டியைத்தான் கட்டிக்கறீங்க, சீட்டு இருந்ததே உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல.

அவ்வளவுதாங்க விலான்!

கவுன்டர்ல வர்ற துணிக்கு எந்த நம்பர் குத்தணும்ங்கறது பி.வி.ஐ.டி. சீட்டைப் பிச்சுக் குடுக்கற கவுன்டர் அன்டேக்டு போர்ட். சீட்டோட அனுப்பற வேன் டேக்டு போர்ட். லேப்டாப்பும் கேமராவும் கவுன்டர்ல நிக்கற ஆளுங்க, அதுங்களுக்கு சீட்டு பத்தித் தெரியாது. கீழ ரவுட்டருக்குப் போற கேபிள்தான் வேன். எல்லா நெட்வொர்க்கும் அந்த ஒரே கேபிள்ல, அவங்கவங்க சீட்டோட போகும்.

இந்தச் சீட்டுக்கு 802.1க்யூன்னு ஒரு தரம் இருக்கு, 1998-ல வந்தது. ஒரு சீட்டு நாலு பைட். அதுல நம்பருக்கு 12 பிட், மொத்தம் 4096 நம்பர் எழுதலாம். மொதலும் கடைசியும் ஒதுக்கிட்டாங்க, மிச்சம் 4094. எனக்கு நாலு போதும்.

10 வீட்டுக்கு. 20 என் வேலைக்கு. 30 கேமராவுக்கு. 40 வர்றவங்க போனுக்கு. முகவரியிலயும் மூணாவது எண்ணா இதையே வச்சுக்கிட்டேன். 192.168.30-ன்னு பாத்தாலே கேமரான்னு தெரிஞ்சுடும்.

இங்க ஒரு எச்சரிக்கை. ஸ்விட்ச் பிரிச்சு மட்டும்தான் குடுக்கும். பிரிச்சதுக்கு நடுவுல யார் யாரோட பேசலாம்னு சொல்றது ரவுட்டர் வேலை. நெட் கம்பெனி குடுக்கற பெட்டி பெரும்பாலும் இதைச் செய்யாது. நான் அதுக்குப் பின்னாடி ஓப்பன்-டபிள்யூ-ஆர்-டிங்கற மென்பொருள் போட்ட ஒரு ரவுட்டரை வச்சேன். இதைத் தெரிஞ்சுக்காம வெறும் ஸ்விட்சை வாங்கிப் பிரிச்சா, கேமராவுக்கு முகவரி குடுக்கக்கூட ஆள் இருக்காது.

சரி, ஸ்விட்ச்ல ரெண்டாவது போர்ட், என் லேப்டாப். பி.வி.ஐ.டி 20-ன்னு மாத்தி அப்ளை அடிச்சேன்.

எல்லாம் போச்சு. நெட் போச்சு. ஸ்விட்சோட பக்கமும் போச்சு.

என்ன பண்ணியிருக்கேன்னா, வர்ற துணிக்கு 20-ன்னு சீட்டு குத்தச் சொன்னேன். ஆனா 20-ஆம் நம்பர் துணியை இந்தக் கவுன்டர்ல திருப்பிக் குடுக்கணும்னு சொல்லவே இல்ல. வர்றதுக்கு ஒரு பட்டியல், போறதுக்கு ஒரு பட்டியல். ரெண்டும் வேற வேற பக்கத்துல இருக்கு. ரெண்டையும் மாத்தணும். அதோட, ஸ்விட்ச்கிட்ட பேசறதுக்கான வாசல் இன்னும் 1-ஆம் நம்பர்ல இருக்கு, நான் 20-க்குக் குடி போய்ட்டேன். அதனால அதையும் கூப்பிட முடியல.

காப்பாத்தினது ஒண்ணே ஒண்ணு. இந்த ஸ்விட்ச்ல அப்ளை வேற, சேவ் வேற. அப்ளை அடிச்சது கரண்ட் இருக்கற வரைக்கும்தான். நான் சேவ் அடிக்கல. பிளக்கைப் புடுங்கி மாட்டினேன், பழையபடி எழுந்து வந்துச்சு. அன்னிக்குக் கத்துக்கிட்டது: மாத்து, சோதி, சரின்னு தெரிஞ்சதுக்கப்புறம்தான் சேவ். எட்டாவது போர்ட்டை 1-லயே விட்டு வச்சுட்டேன், அதைத் தொடவே மாட்டேன். எது கெட்டாலும் லேப்டாப்பை எட்டாவதுல குத்தி உள்ள போய்டலாம்.

மறுபடி பொறுமையாப் பண்ணேன். இந்தத் தடவை சரியா வந்துச்சு. கேமராவுக்கு வெளிய போற வழியை முழுசா அடைச்சேன். வீட்டு நெட்வொர்க்ல இருந்து ரெக்கார்டரை மட்டும் பாக்கலாம். அம்மா டிவில வாசலைப் பாக்கறது நிக்கக்கூடாதுல்ல.

ஒரு வாரம் கழிச்சு அம்மா கேட்டாங்க, "பால்காரர் அஞ்சரைக்குத்தானே வர்றார், இதுல ஏன் அஞ்சு முப்பத்தினாலு காட்டுது?"ன்னு. வெளிய போற வழியை அடைச்சதுல ரெக்கார்டர் இன்டர்நெட்ல மணி பாத்துக்கற வழியும் அடைஞ்சுபோச்சு. அதோட சொந்தக் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமா முந்தி ஓடியிருக்கு. கேமராவுல நேரம் தப்பா இருந்தா நாளைக்கு ஒண்ணு ஆனா அந்தப் பதிவுக்கு மதிப்பே இல்ல. ரவுட்டரையே மணி சொல்ற ஆளாக்கி, ரெக்கார்டரை அதுகிட்ட கேக்கச் சொன்னேன். சரியாச்சு. அம்மா சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.

பிரிண்டர் இன்னொரு கதை. போனும் பிரிண்டரும் ஒருத்தரையொருத்தர் கண்டுபிடிக்கப் போடற சத்தம் விலான் கோட்டைத் தாண்டாது. நான் பிரிண்டரை வேலைப் பக்கம் வச்சேன், அப்பா போன்ல இருந்து காணோம். வீட்டுப் பக்கம் மாத்திட்டு, என் லேப்டாப்புக்கு மட்டும் முகவரியை நேரா எழுதி வழி விட்டேன். அவ்வளவுதான்.

லூப் பத்தியும் சொல்லணும். போன வருஷம் லீவுக்கு வந்த அக்கா பொண்ணு, தொங்கிட்டிருந்த ஒரு கேபிள் முனையைப் பாத்து, பாவம் தனியா இருக்கேன்னு பழைய ஸ்விட்ச்லயே இன்னொரு போர்ட்ல குத்திட்டா. ரெண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்ல. வீடு முழுக்க நெட் நின்னுபோச்சு. ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுசு கணக்கு கிடையாது. ஐ.பி பாக்கெட்னா இத்தனை தாண்டலுக்கப்புறம் செத்துடணும்னு ஒரு எண் இருக்கும், இதுல அது இல்ல. எல்லாருக்கும்னு போட்ட ஒரு அறிவிப்பு வட்டத்துல மாட்டினா சுத்திக்கிட்டே, பெருகிக்கிட்டே இருக்கும்.

இதுக்கு 1985-லயே வழி கண்டவங்க ராடியா பெர்ல்மன். டி.இ.சி கம்பெனியில இருந்தப்ப ஸ்பானிங் ட்ரீன்னு ஒரு முறையை உருவாக்கினாங்க. எத்தனை கேபிள் எப்படி இணைச்சாலும், ஸ்விட்சுங்க தங்களுக்குள்ள பேசி, வட்டம் வராத மாதிரி ஒரு மரமா வழியை அமைச்சுக்கும். அந்த முறையைப் பத்தி ஒரு கவிதையும் எழுதினாங்க. என் குட்டி ஸ்விட்ச்ல இருக்கறது அதைவிட எளிமையான லூப் தடுப்பு. நானும் அப்பாவும் வேணும்னே ஒரு கேபிளோட ரெண்டு முனையையும் குத்திப் பாத்தோம். அந்தப் போர்ட்டை மட்டும் அடைச்சுட்டு, மத்ததெல்லாம் பாட்டுக்கு ஓடுச்சு. அப்பா மூணு தடவை செஞ்சு பாத்தார்.

இப்ப எங்க வீட்டு நெட்வொர்க்குக்கு ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. நீளவாக்குல கோடு போட்ட பழைய கணக்கு நோட்டு. எக்ஸ்சேஞ்ச்ல, வெளியில இருந்து வர்ற கம்பியெல்லாம் சேர்ற எம்.டி.எஃப்-ல எந்த ஜோடி எந்த நம்பருக்குப் போகுதுன்னு எழுதுவாங்களாம், அதே மாதிரி அப்பா எழுதறார். போர்ட் 1, கீழ் ரவுட்டர், 10-20-30-40 டேக்டு, புதுக் கேபிள், ஜாயின்ட் இல்லை. போர்ட் 2, மகள் லேப்டாப், 20. போர்ட் 8, தொடக்கூடாது. கேபிள் ரெண்டு முனையிலயும் வெள்ளை டேப் ஒட்டி அதே நம்பர். என்னோட கிறுக்கலைவிட அது ஆயிரம் மடங்கு தெளிவு. நேத்து ராத்திரி கரண்ட் போய் வந்தப்ப, எல்லாம் எழுந்து வர எவ்வளவு நேரம்னு வாட்ச் பாத்து எழுதி வச்சிருக்கார். 2 நிமிஷம் 10 செகண்ட்.

காலையில காபி குடிச்சுக்கிட்டே கேட்டார். "அஞ்சாவது போர்ட் காலியா இருக்கேம்மா?"

"ஆமாப்பா."

"மோட்டார் ரூமுக்கு டேப் வச்சுப் பாத்தேன். 27 மீட்டர் வருது. சாயங்காலம் கடைக்குப் போனா 30 மீட்டரா வாங்கிட்டு வா. சுரண்டிப் பாத்து வாங்கு."